ஒரே ஒரு வாசகர்

நூலகத்தில் சத்தம் போடாதீர்கள் என்று பலகை எழுதி மாட்டியவன் நான். அதே கூடத்தில், எழுபது எண்பது பேர் தலையைத் தூக்கிப் பார்க்க, ஒரு பெண்ணைப் பார்த்துக் கத்தினேன். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்துப் பார்த்தேன், அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என் பெயர் தேவசகாயம். தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைப் பார்த்தபடி இருக்கிறது எங்கள் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். அங்கே மின்வளப் பிரிவுக்கு நான் பொறுப்பு. மின்வளம் என்றால் காகிதத்தில் இல்லாத எல்லாம்: இதழ்கள், நூல்கள், ஆய்வேடுகள், பழைய அறிக்கைகள். பதினேழு கோடி உருப்படி. அலமாரியில் இருக்கிற புத்தகம் என்றால் எதையோ தேடிப் போகிறவன் கண்ணிலாவது தட்டுப்படும். இங்கே அந்தக் கதையே கிடையாது. தேடு திரையில் வந்தால் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. அதை வரவைப்பதுதான் என் வேலை. இருபத்தொன்பது வருஷம் பார்த்துவிட்டேன். இந்த மே மாதத்தோடு ஓய்வு. எப்படா போவோம் என்று இருக்கிறது.

முன்பெல்லாம் ஒரு சொல்லைப் போட்டால் நாற்பதாயிரம் வரி வந்து விழும். ஒருத்தரும் மூன்றாவது வரிக்குக் கீழே போக மாட்டார்கள். அதனால் ‘கலங்கரை’ வந்தது. தேடுகிறவர் யார், என்ன படிக்கிறார், இதற்கு முன் எதைத் திறந்தார், அவரைப் போன்றவர்கள் எதைத் திறந்தார்கள் என்று பார்த்து, அவருக்கென்று ஏழே ஏழு வரி காட்டும். எட்டாவது வரி கிடையாது. பிள்ளைகளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். துணைவேந்தர்கள் மாநாடு கூட்டிக் கைதட்டினார்கள். பதினொரு வருஷத்தில் நாட்டில் கலங்கரை இல்லாத கல்லூரியே இல்லை என்றாகிவிட்டது.

அதில் ஒரு விதி உண்டு. மூன்று மாதம் யாரும் திறக்காத உருப்படியை அது உறங்க வைத்துவிடும். உறங்கினால் தேடலில் வராது.

எங்கள் ஊரில் முன்பு ஒரு தொழில்நல ஆய்வு நிலையம் இருந்தது. உப்பளத்திலும் துறைமுகத்திலும் மீன் பதனிடும் கூடங்களிலும் வேலை பார்க்கிறவர்களின் உடம்பைப் பற்றி ஆராய்ந்த இடம். அதை மூடியபோது ஆயிரத்து நூற்று நாற்பத்து நான்கு ஆய்வேடுகளை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். அவற்றை யார் திறக்கப் போகிறார்கள்? ஒருத்தரும் இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தேநீரை வைத்துக்கொண்டு உட்காருவேன். ஒவ்வொன்றாகத் திறப்பேன். நாற்பது விநாடி திறந்திருந்தால்தான் கலங்கரை கணக்கில் எடுக்கும். நாற்பது எண்ணிவிட்டு மூடுவேன். வாரத்துக்கு எண்பத்தெட்டு, பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும், மறுபடி முதலிலிருந்து. ஊழியர்கள் இதற்கு ‘தண்ணி ஊத்துறது’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “அண்ணாச்சி தண்ணி ஊத்தப் போயாச்சு, இனி மூணு மணிக்குத்தான் வருவாக” என்று கேலி பேசுவார்கள். பேசட்டும். பதினொரு வருஷத்தில் அந்த ஆயிரத்து நூற்று நாற்பத்து நான்கில் ஒன்றுகூட உறங்கியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

என் கணினியில் எதைத் தேடினாலும் அவை முதல் வரியில் வந்து நிற்கும். அப்படியும் எந்த மாணவனும் அவற்றை மேற்கோள் காட்டவில்லை என்று பார்க்கும்போது எரிச்சலாக வரும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தேடத் தெரியவில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முத்துப்பேச்சி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தாள். முப்பத்து மூன்று வயது. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்துகொண்டே எங்களிடம் ஆய்வு செய்கிறவள். உப்பளத்துக் குடும்பம். வெயிலில் உப்பு வாருகிறவர்களுக்குச் சிறுநீரகம் சீக்கிரம் கெட்டுப்போகிறது. அதைத் தடுக்க ஒரு கடற்பாசிச் சாற்றைக் கொடுத்துப் பார்க்கிறாள். அறுபத்திரண்டு பேர் தினமும் குடிக்கிறார்கள். இதெல்லாம் அவள் சொல்லித்தான் அன்றைக்கு எனக்குத் தெரியும். ஆனால் அவளுடைய ‘முன்னாய்வு இல்லை’ சான்றில் என் முத்திரை இருந்தது. மனிதர்கள் மேல் எதையும் சோதிப்பதற்கு முன்னால், இதே சோதனையை இதற்கு முன் யாரும் செய்யவில்லை என்று ஆய்வாளர் கலங்கரையில் தேடிக் கையெழுத்துப் போட வேண்டும். நூலகம் முத்திரை குத்த வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது படிவம் வரும். குத்திக் குத்தி மணிக்கட்டு வலிக்கும். தலைப்பையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

“சார், ஒரு ஒதவி. மூணு பேருக்குக் காலு பொதுபொதுன்னு வீங்கிருக்கு. நெஞ்சு படபடன்னு அடிக்குங்காங்க. வெயிலால வருதா சாறால வருதான்னு தெரியல. இப்படி வேற எங்கயாச்சும் நடந்திருக்கான்னு கொஞ்சம் தேடித் தருவீங்களா?”

“கலங்கரையில பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். ஒண்ணும் வரல.”

எல்லாரும் சொல்கிற பதில்தான். என் கணினியில் ‘உப்பளம், பாசிச்சாறு, வீக்கம்’ என்று போட்டேன். முதல் வரி: ‘உப்பளத் தொழிலாளரிடம் கடற்பாசிச் சாறு: இடையில் நிறுத்தப்பட்ட சோதனை.’ மருத்துவர் அந்தோணியம்மாள் பர்னாந்து. இருபத்தேழு வருஷம் முந்தையது. மூடிப்போன அந்த நிலையத்து ஆய்வேடு.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பதினொரு வருஷ எரிச்சல் என்று நினைக்கிறேன்.

“என்னத்தம்மா தேடுனீங்க?” என்று கத்தினேன். “மொத வரியில கெடக்கு! மொத வரி! இதக்கூடப் பாக்காம அறுபது பேருக்குக் குடிக்கக் குடுத்திருக்கீங்க. எவனாவது பாத்து வச்சிருப்பான், அதப் படிப்போம்னு கெடையாது. கையெழுத்து மட்டும் போடத் தெரியுது!”

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் என் திரையில் குனிந்து வாசித்தாள். பக்கம் பக்கமாக நகர்த்தினாள். சுண்டிப்போன முகத்தோடு நிமிர்ந்தாள்.

“ஆறாவது வாரத்துல நிறுத்திருக்காங்க சார். சிறுநீரகம் லேசாக் கெட்டவங்களுக்கு இந்தச் சாறு வெஷமாம். பதினோரு பேருக்கு முழுசாப் போயிருக்கு.”

“நீங்க எத்தனாவது வாரம்?”

“ஒம்பது.”

பையைக்கூட எடுக்காமல் வாசலுக்குப் போனவள் நின்று திரும்பினாள். “சார், நான் ஒம்பது தடவ தேடுனேன். இது ஒங்களுக்கு எப்படி வந்துச்சு?”

“எனக்குத் தேடத் தெரியும்மா” என்றேன்.

அன்றைக்கே சோதனையை நிறுத்திவிட்டாள். அறுபத்திரண்டு பேரில் ஐம்பத்தொன்பது பேர் தப்பித்தார்கள். வீங்கியவர்களில் இரண்டு பேர் இரண்டு மாதத்தில் தேறிவிட்டார்கள். மூன்றாவது ஆள் அவளுடைய சொந்த அண்ணன் சுடலைமுத்து. சாறு குடிக்க உப்பளத்தில் யாரும் முன்வராதபோது, தங்கச்சி படிச்சவ, தப்பா ஒண்ணும் குடுக்க மாட்டா என்று சொல்லி முதல் ஆளாக வாங்கிக் குடித்தவர். அவருடைய இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

விசாரணைக் குழு போட்டார்கள். முன்னாய்வு இருப்பது தெரிந்தே மறைத்தாளா, இல்லை தேடாமலே கையெழுத்துப் போட்டாளா, இதுதான் கேள்வி. எதுவானாலும் ஆய்வுப் பதிவு ரத்தாகும், செவிலியர் வேலையும் போகும். என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அந்த ஆய்வேடு கலங்கரையில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது, முதல் வரியில் வருகிறது, ஒருநாள்கூட உறங்கியதில்லை என்று சொன்னேன். எதிரே முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்தாள். “நான் தேடுனேன்” என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பொய்க்குப் பாவம் பார்க்க முடியுமா என்று நினைத்துக்கொண்டேன். அன்றே அவளைத் தற்காலிக நீக்கம் செய்தார்கள்.

விசாரணைக் கோப்பை மூட ஒரு தாள் குறைந்தது. அவளுடைய தேடல் பதிவை எடுத்துக் கொடுக்கக் கலங்கரை நிறுவனத்திலிருந்து நிவேதன் என்று ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். ஒரு மணி நேரம் என் அறையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தவர், என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

“சார், அவங்க ஒன்பது தடவை தேடியிருக்காங்க. உண்மைதான். ஆனா அந்தத் தீசிஸ அவங்களுக்குக் காட்டவே இல்ல.”

“அதெப்படி? எனக்கு வருதே.”

“உங்களுக்கு வரும். உங்களுக்கு மட்டும்தான் வரும்.” கொஞ்சம் தயங்கினார். “தப்பா எடுத்துக்காதீங்க. பதினோரு வருஷமா அத நாற்பத்து நாலு தடவ திறந்திருக்காங்க. நாற்பத்து நாலும் நீங்கதான். வேற ஒரு மனுஷன் கிடையாது. அதுவும் வெள்ளிக்கிழமை, ரெண்டு மணியிலேர்ந்து மூணு மணி.”

“ஆமா. ஒறங்கிரக் கூடாதுன்னு.”

“அது கலங்கரைக்குத் தெரியாதே சார். அது என்ன புரிஞ்சுக்கும்? இந்த ஆயிரத்து நூத்துச் சொச்சமும் ஒரே ஒருத்தரோட சொந்த ஆர்வம். ஊர்ல மத்தவங்களுக்கு இது தேவையில்ல. ஏழு வரில ஒரு வரிய ஏன் வீணாக்கணும்? அதனால மொத்தத்தையும் உங்க தனி அலமாரிக்கு மாத்திடுச்சு. மாத்தி ஒன்பது வருஷம் ஆச்சு.”

என் தேநீர் ஆறிக் கிடந்தது. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

“நான் தெறக்காம விட்டிருந்தா மட்டும் என்ன? ஒறங்கிருக்கும். அப்பவும் அந்தப் பிள்ளைக்கு வந்திருக்காதே?”

நிவேதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சாதாரணத் தேடல்ல வராது சார். ஆனா சான்றுக்குத் தேடும்போது, உறங்கறது எல்லாத்தையும் எழுப்பிப் பார்த்துட்டுத்தான் பதில் சொல்லணும்னு சட்டம் இருக்கு. அது உறங்கியிருந்தா அவங்களுக்கு முதல் நாளே கிடைச்சிருக்கும். தனி அலமாரிகளை மட்டும் தொட மாட்டோம், ஒருத்தர் எதப் படிக்கறார்ங்கறது அவரோட அந்தரங்கம் இல்லையா? ஒருத்தர் இப்படி ஆயிரத்த வச்சிட்டிருப்பார்னு சட்டம் எழுதினவங்க யோசிக்கல.”

அவர் சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதது மாதிரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். இன்னொரு தடவையும் அதையேதான் சொன்னார். நான் அவற்றைச் சும்மா விட்டிருந்தால் போதும்.

“உங்க ஒருத்தர் மேல தப்பு சொல்ல முடியாது” என்றார் நிவேதன். “நான் போற எல்லா நூலகத்துலயும் உங்கள மாதிரி ஒருத்தர் இருக்காங்க. யாரும் தொடாத எதையாவது தினமும் திறந்து மூடிட்டு. எவ்வளவு இப்படி மறைஞ்சு கிடக்குன்னு எங்களுக்கே தெரியாது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “குழு எங்ககிட்ட கேட்டது ஒரே கேள்வி. அந்த உருப்படி அமைப்புல இருக்கா, இல்லையா. இருக்குன்னு எழுதிக் குடுத்தா எங்க வேலை முடிஞ்சுது. கம்பெனிலயும் அவ்வளவுதான் எழுதச் சொல்றாங்க. நீங்க மே மாசம் ரிடையர் ஆறீங்க இல்ல?”

அவருக்கு என் மேல் நல்லெண்ணம்தான். அதுவே எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

உடனே எழுதிவிட்டேன் என்று சொல்ல ஆசை. சொன்னால் பொய். இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. காலையில் போனேன், முப்பது படிவத்துக்கு முத்திரை குத்தினேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். பயம்தான், வேறென்ன? ஓய்வூதியம் நின்றுபோகுமோ, கடைசி மாதத்தில் ஊரெல்லாம் சிரிக்குமோ என்ற பயம். மூன்றாம் நாள் ஒரு பெண் அதே சான்றுக்குப் படிவம் நீட்டினாள். துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிறவர்களுக்கு ஏதோ மூச்சு மருந்து. தலைப்பைப் படித்தேன். இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் படித்தேன். என் கணினியில் தேடினேன். முதல் வரியில் ஒன்று வந்தது. அவளுடைய தேடல் பக்கத்தில் ஒன்றுமில்லை.

அந்தப் படிவத்தை முத்திரை குத்தாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து குழுவுக்கு எழுதினேன். நடந்ததை நடந்தபடி நாலு பக்கம். நிவேதனிடம் பதிவைக் கேட்டேன். ஒரு மணி நேரம் பதில் இல்லை. பிறகு முழுவதையும் அனுப்பிவைத்தார். அவர் வேலைக்கு என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குழு முத்துப்பேச்சியின் நீக்கத்தை ரத்து செய்தது. என்னைப் பற்றி, ‘நல்லெண்ணத்தில் நிகழ்ந்த நடைமுறைப் பிழை’ என்று ஒரு வரி எழுதியது. ஒரு சுற்றறிக்கை வந்தது. அவ்வளவுதான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவளிடம் நானே சொல்ல வேண்டும் என்று மருத்துவமனைக்குப் போனேன். மூன்றாம் மாடி நடையில், அண்ணனுக்கு மாற்றுத் துணியோடு நின்றுகொண்டிருந்தாள். கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

“என்ன மன்னிச்சிரும்மா” என்றேன். “அன்னைக்கு அத்தன பேரு முன்னாடி ஒங்கள அப்படிப் பேசிருக்கக் கூடாது.”

“நீங்க ஏசுனது பெருசில்ல சார். நான் அத நம்பிட்டேன். நமக்குத்தான் தேடத் தெரியல, நம்ம படிப்பு அவ்வளவுதான்னு நெனச்சிட்டேன். எங்கண்ணன்ட்டயும் அப்படித்தான் சொல்லி அழுதேன். என் தப்பாலதான் ஒனக்கு இப்படி ஆச்சுன்னு.” கடிதத்தை மடித்து என் கையிலேயே வைத்தாள். “அவன் உள்ளதான் இருக்கான். அவன்ட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா, தப்பிக்கதுக்கு ஒருத்தர் மேல பழி போடுதேன்னு ஆகிரும்.”

சுடலைமுத்து சாய்வு நாற்காலியில் இருந்தார். கருத்த, பெரிய ஆள். உப்பு வாரிக் காய்த்துப்போன உள்ளங்கை. ஒரு கையிலிருந்து குழாய் வழியாக ரத்தம் இயந்திரத்துக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கலங்கரை, உறக்கம், தனி அலமாரி எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த எளிய வார்த்தைகளில் சொன்னேன். தங்கச்சி தேடியது உண்மை, கிடைக்காமல் போனது என்னால் என்றும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அப்ப அவ மேல தப்பு இல்ல?”

“இல்ல. ஒரு துளிகூட இல்ல.”

“அது போதும் சார்” என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுந்திருக்கப் போனேன். மூடிய கண்ணோடே கேட்டார்.

“அந்தப் புத்தகத்த எத்தன தடவ தெறந்தீங்கன்னு சொன்னீங்க?”

“நாப்பத்தி நாலு தடவ.”

“ஒவ்வொரு தடவயும் எவ்வளவு நேரம்?”

“நாப்பது விநாடி.”

அவர் கணக்குப் போடுகிறாரோ என்று நினைத்தேன். அந்தக் கணக்கை நான் ஏற்கனவே போட்டிருந்தேன். பதினொரு வருஷத்தில் அந்த ஒரு ஆய்வேட்டின் முன்னால் மட்டும் கிட்டத்தட்ட அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய தங்கச்சி அதை என் திரையில் படித்து விஷயத்தைப் பிடிக்க அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. அவளுடைய படிவம் என் மேஜைக்கு வந்தபோது எனக்கு நினைவு வந்திருக்க வேண்டும். உலகத்திலேயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் வந்திருக்க முடியும்.

சுடலைமுத்து கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அசதிதான் இருந்தது.

“அதுல ஒரு தடவயாச்சும் படிச்சீங்களா சார்?” என்று கேட்டார்.